முக்காலே மூணுவீசம்: தைராய்டு மாத்திரையின் முதல் சில மாதங்கள்

போன வருஷம் சித்திரை மாதம், சேலத்தில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்த அக்கா கூடத்தில் உட்கார்ந்த கையோடு சொன்னது இதுதான்: "அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துடா தம்பி, குளுருது." நாங்கள் சிரித்தோம். மலையிலேயே இருந்து பழகியவளுக்குக் காற்று ஆகவில்லை போல என்று அம்மா சமாதானம் சொன்னாள். யோசித்துப் பார்த்தால் அது தலைகீழ்க் கணக்கு, மலையிலிருந்து வருகிறவர்களுக்குச் சேலத்தில் புழுங்கத்தானே வேண்டும். அக்காவைக் கட்டிக்கொடுத்தது நாகலூர்ப் பக்கம். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், காலையில் எல்லோரும் ஸ்வெட்டரும் மப்ளருமாகத் திரிகிற ஊரில், ஒருத்திக்கு மட்டும் கூடுதலாகக் குளிர்கிறது என்பது யார் கண்ணிலும் படாது. கீழே இறங்கி வந்ததால்தான் தெரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது மெட்டியைப் பார்த்தேன். விரலில் பதிந்துபோய், இரண்டு பக்கமும் சதை பிதுங்கி நின்றது. கொலுசைக் கழற்றி வைத்து மூன்று மாதம் ஆகிறதாம், கொக்கி மாட்ட வரவில்லையாம். செவ்வாய்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் எங்கள் மாமாவிடம் கொடுத்து இரண்டு கண்ணி சேர்த்துவிடலாம் என்று கொண்டுவந்திருந்தாள். குரல் கட்டியிருந்தது. தூக்கம், மலச்சிக்கல், மாதவிலக்கு அளவுக்கு மீறிப் போவது எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டபிறகுதான் வந்தது, தானாகச் சொல்லவில்லை, ஏனென்றால் இதெல்லாம் சேர்ந்து ஒரு வியாதி என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, வயசாகிறது என்று நினைத்திருக்கிறாள். வயசு 46. அடுத்த நாள் ரத்தம் கொடுத்தோம். தைராய்டின் நிலையைக் காட்டுகிற டி.எஸ்.எச். 38. நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டியது.

நம் ஊரில் "எனக்குத் தைராய்டு இருக்கு" என்பார்கள். தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது, கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே பட்டாம்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டு. அக்காவுக்கு வந்தது அது சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் போன ஹைப்போதைராய்டு. ஆன்டி டி.பி.ஓ. என்கிற ஆன்டிபாடியும் அதிகமாக இருந்தது, அதாவது உடம்பின் காவல்படையே சுரப்பியைப் பகையாக நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருக்கிறது. ஹகரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1912-இல் இந்த மாதிரிச் சுரப்பிகளை விவரித்து எழுதியதால் அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. இந்தியாவில் 8 நகரங்களில் எடுத்த, 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 11 பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. ஆக, ஒரு தெருவில் மாத்திரை பாட்டில் இல்லாத வீடுகளை எண்ணுவதுதான் சுலபம் என்று நான் சொல்வது ரொம்பவும் மிகையில்லை.

இந்தக் கட்டுரை வியாதியைப் பற்றியதை விட, மாத்திரையை ஆரம்பித்த பிறகு வருகிற நாலைந்து மாதங்களைப் பற்றியது. எங்கள் வீட்டில் குழப்பம் முழுக்க அங்கேதான் நடந்தது, நான் விசாரித்த வரையில் மற்ற வீடுகளிலும் அங்கேதான்.

முதலில் அந்த 38. எண்ணைப் பார்த்ததும் அத்தான் பயந்துபோனார், "பத்து மடங்கா?" என்றார். டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பதில்லை, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி அனுப்புவது. எஸ்டேட்டில் மேஸ்திரி போடுகிற சத்தம் மாதிரி. ஆட்கள் ஒழுங்காகப் பழம் பறித்தால் மேஸ்திரி சும்மா இருப்பார், வேலை சுணங்கச் சுணங்கக் குரல் ஏறும். அதுவும் நேர்விகிதத்தில் ஏறாது. ரத்தத்தில் தைராய்டு சுரக்கிற தைராக்சின் பாதியாகக் குறைந்தாலே டி.எஸ்.எச். ஏறக்குறைய நூறு மடங்கு வரை எகிறும். அதனால் 38 என்பது 3.8-ஐப் போலப் பத்து மடங்கு வியாதி என்று அர்த்தமில்லை. இதே காரணத்தால் சின்னக் குறைவைக் கூட இந்தப் பரிசோதனை கண்டுபிடித்துவிடுகிறது. இன்னொன்றும் இருக்கிறது, பல மாதம் கத்திக் கத்திப் பழகிய மேஸ்திரியின் தொண்டை, ஆட்கள் வேலையை ஆரம்பித்த மறுநாளே அடங்கிவிடாது. மாத்திரை போட்டு ரத்தத்தில் ஹார்மோன் சரியான பிறகும் டி.எஸ்.எச். சில வாரம் பின்தங்கித்தான் இறங்கும்.

சரி, மாத்திரைக்கு வருவோம். பாட்டிலில் எழுதியிருக்கும் லீவோதைராக்சின், நம் சுரப்பி சுரக்கிற தைராக்சின், அதாவது டி-4 தான், ஓர் அணுவும் வித்தியாசமில்லை. அதில் ஒரு பகுதியைக் கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் டி-3 ஆக மாற்றிக்கொள்கின்றன, செல்லுக்குள் போய் வேலை பார்ப்பது பெரும்பாலும் அந்த டி-3. "இதுக்கு அடிமையாயிருவேனா?" என்று அக்கா கேட்டாள். எல்லோரும் கேட்கிற கேள்வி. சாராயத்துக்கு அடிமையாவது போலவா, சோற்றுக்கு அடிமையாவது போலவா என்று கேட்டுக்கொண்டால் பதில் வந்துவிடும். 1891-இல் இங்கிலாந்தில் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், அக்கா வயசே ஆன, 46 வயதுப் பெண் ஒருத்திக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினார். பிறகு அதையே வாய்வழியாகக் கொடுத்தார்கள். அந்த அம்மாள் 1919 வரை, 74 வயசு வரை இருந்தார், அதற்குள் 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி அவருக்காகச் செலவானது. 1914 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டால் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார், 1927-இல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார்கள். இன்றைக்கு அந்த ஆட்டு மந்தை முழுதும் உள்ளங்கையில் அடங்குகிற பாட்டிலாகிவிட்டது. இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். ஆடு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டாள்.

50 மைக்ரோகிராமில் ஆரம்பித்தார்கள். பத்தாம் நாள் போன் வந்தது. "பத்து நாளாச்சு, ஒரு மண்ணும் தெரியலடா. அந்த டாக்டர் சரியில்லையோ? வேற ஆளப் பாக்கலாமா?"

டாக்டர் மேல் தப்பில்லை. காய்ச்சல் மாத்திரை போட்டால் ஒரு மணி நேரத்தில் வியர்க்கிறது, தலைவலி மாத்திரை அரை மணியில் கேட்கிறது, அதனால் மாத்திரை என்றாலே இப்படித்தான் என்று நமக்குப் பழகிவிட்டது. தைராக்சின் அந்த ஜாதியில்லை. இன்று உள்ளே போனதில் பாதி, ஒரு வாரம் கழித்தும் உடம்பில் இருக்கும். அதற்குள் நாளைய மாத்திரை, நாளன்றைய மாத்திரை என்று மேலே மேலே வந்து சேரும். சேருவதும் கரைவதும் சமமாகிற இடம் ஒன்று இருக்கிறது, 50 மைக்ரோகிராமுக்கு அது போய் நிற்கிற மட்டம். அந்த மட்டத்தில் முதல் வாரக் கடைசியில் பாதி வந்திருக்கும். இரண்டாம் வாரக் கடைசியில் முக்கால். மூன்றாம் வாரம் முக்காலே அரைக்கால். நாலாம் வாரம் முடிகையில் பதினாறில் பதினைந்து பங்கு, அதாவது நம் பாட்டிமார் பேச்சில் கிட்டத்தட்ட முழுசு என்பதற்குச் சொல்வார்களே, முக்காலே மூணுவீசம், அதேதான், பிசகில்லாமல். தைராய்டு ரொம்பக் குறைந்தவர்களுக்கு, பாதி கரைய ஆகிற இந்தக் காலம் (அரை ஆயுள் என்பார்கள்) ஒன்பது பத்து நாளாகவும் நீளும் என்பதால் கூட ஒரு வாரம் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு மேஸ்திரி தொண்டை அடங்க நாள் வேண்டும். இந்தக் கணக்கால்தான் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து வா, டெஸ்ட் எடுக்கலாம் என்கிறார்கள். பத்து நாளில் ரத்தம் கொடுத்தால் காசுதான் போகும், பாதிக் கிணறு தாண்டியவரின் எண்ணைப் பார்த்து மருந்தை ஏற்றினால் அப்புறம் அது அதிகமாகிப்போகும்.

இதே கணக்கு இன்னொரு பக்கம் நிம்மதியும் தருகிறது. ஒரு நாள் மறந்துவிட்டால் சேர்ந்ததில் பத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. ஞாபகம் வந்தபோது போட்டுக்கொள்ளலாம், பதறிப்போய் மலையிறங்க வேண்டியதில்லை. ஆனால் ஐந்து நாள் விட்டால் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். அக்கா அதைத்தான் செய்தாள்.

மூன்றாவது வாரம் ராத்திரியில் நெஞ்சு படபடவென்று அடித்திருக்கிறது. தூக்கம் கலைந்து, கை லேசாக நடுங்கி, காரணமில்லாமல் அத்தான் மேல் எரிந்து விழுந்து, பக்கத்து வீட்டில் "சூடு மாத்திரை, உனக்கு ஒத்துக்கல" என்று சொல்லவும் யாரிடமும் கேட்காமல் நிறுத்திவிட்டாள். ஆறாம் நாள் சாயங்காலம்தான் எனக்குத் தெரியும். டாக்டரிடம் போனில் கேட்டபோது அவர் திட்டவில்லை, மார்வலி உண்டா, மூச்சு வாங்குகிறதா, துடிப்பு தாறுமாறாக இருக்கிறதா என்று மூன்று கேள்வி கேட்டார், எதுவும் இல்லை என்றதும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். அவர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது: மாதக்கணக்கில் மெதுவாக அடித்துப் பழகிய இதயம் அது, இப்போது வழக்கமான வேகத்துக்குத் திரும்புவதையே அவள் உடம்பு ஓட்டமாக நினைக்கிறது. சில வாரத்தில் பழகிவிடும். பழகியது.

ஆனால் எல்லாப் படபடப்பையும் அப்படி ஒதுக்கிவிட முடியாது. தைராக்சின் இதயத்தின் வேலையைக் கூட்டும், ஆக்சிஜன் தேவையையும் கூட்டும். வயசானவர்களுக்கும் இதய நோய் இருப்பவர்களுக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் ஆரம்பித்து நிதானமாக ஏற்றுவது இதனால்தான். சின்ன வயசு, வேறு கோளாறு இல்லை என்றால் உடம்பு எடைக்குக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்ற முழுக் கணக்கிலேயே ஆரம்பிப்பதும் உண்டு. அக்கா 64 கிலோ, அந்தக் கணக்கில் நூறு வர வேண்டும், 46 வயசு என்பதால் பாதியில் தொடங்கினார் போல. எங்கள் தெருவில் ஒருவருக்கு முதல் நாளே 100, அக்காவுக்கு 50 என்று ஒப்பிட்டு மண்டை காய்ந்தது வீண். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒழுங்கில்லாத துடிப்பு வந்தால் காத்திருக்கக் கூடாது. இன்னொன்று அபூர்வம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: மாத்திரை ஆரம்பித்தபின் சோர்வு குறையாமல் கூடிக்கொண்டே போய், வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறங்குவது, தோல் கறுப்பது என்று சேர்ந்து வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஹஷிமோட்டோ உள்ள சிலருக்கு அட்ரினல் சுரப்பியும் அதே மாதிரி அரிபட்டிருக்கும், அதைக் கவனிக்காமல் தைராக்சினை மட்டும் கொடுத்தால் ஆபத்தில் முடியும்.

எது முதலில் சரியாகும் என்று ஒரு வரிசை இருக்கிறது, ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும். அக்காவுக்கு முதலில் மலச்சிக்கல் போனது. அப்புறம் முகத்தில் காலையில் இருந்த உப்பல் இறங்கியது. ஐந்தாவது வாரத்தில் மெட்டி விரலில் சுற்ற ஆரம்பித்தது. இந்த வீக்கம் அழுத்தினால் குழி விழுகிற நீர் வீக்கம் இல்லை. தைராய்டு குறைந்தால் தோலுக்கடியில் தண்ணீரைப் பிடித்துவைக்கிற ஒருவிதப் பசைப்பொருள் படிகிறது, மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் அது கரைந்து தண்ணீரும் வெளியேறுகிறது. எடை குறைந்ததும் பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான், மூன்று கிலோ. அதற்கு மேல் இறங்கவில்லை. "மாத்திரை போட்டா ஒடம்பு எளச்சிரும்" என்று நம்பியிருந்தவளுக்கு அதில் பெரிய வருத்தம், ஆனால் உண்மை அதுதான், தைராய்டு குறைவால் ஏறுகிற எடை பொதுவாக சில கிலோதான், மீதி நாம் சாப்பிட்டது. எடை குறைக்கிறேன் என்று தேவைக்கு மேல் தைராக்சின் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அது எலும்பையும் இதயத்துடிப்பையும் போய்ப் பதம் பார்க்கும்.

முடிதான் கடைசி. சீப்பில் வருவது முதல் இரண்டு மூன்று மாதம் நிற்காது, சிலருக்குக் கொஞ்சம் கூடவும் செய்யும், ஏனென்றால் உதிரத் தயாராக நின்ற பழைய முடியைப் புதுசு தள்ளிவிட்டுத்தான் முளைக்க வேண்டும். இந்த நேரத்தில்தான் யாராவது முடிக்கு நல்லது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். முடிக்கு அது என்ன செய்கிறதோ, ரத்தப் பரிசோதனையைக் குழப்பிவிடக்கூடும். பல லேப்களில் பயன்படுத்துகிற பரிசோதனை முறையே பயோட்டினை வைத்து இயங்குவதால், டி.எஸ்.எச். இல்லாத குறைவாகவும் டி-4 இல்லாத கூடுதலாகவும் தெரியும், அதை நம்பி மருந்தைக் குறைத்துவிடுவார்கள். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்த வேண்டும், லேப்பிலும் டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டும்.

இனி காபி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து ஊன்றிய செடி, இன்றைக்கு ஏற்காட்டுக்காரர்களின் ரத்தத்தில் ஓடுகிறது. அக்கா வீட்டில் ராத்திரியே ஃபில்டரில் பொடி போட்டு, விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்த சூட்டோடு டிகாஷன் இறங்கிவிடும். மாத்திரையை வெறும் வயிற்றில் போடச் சொன்னார்கள், அவளும் வெறும் வயிற்றில்தான் போட்டாள், காபியோடு. காபி வயிற்றை நிரப்பாது, ஆகையால் வயிறு வெறுமைதானே என்பது அவள் வாதம். தைராக்சின் சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது, நல்ல நிலைமையிலேயே நூறில் அறுபதிலிருந்து எண்பது பங்குதான் உள்ளே போகும். காபி அதில் கை வைக்கிறது, பால் காபி என்றால் கால்சியமும் சேர்ந்துகொள்கிறது. தண்ணீரில் விழுங்கிவிட்டு அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. காலை ஐந்து மணிக்கு, பனியில், டிகாஷன் வாசனை வருகிற வீட்டில் ஒரு மணி நேரம் காத்திருப்பது எப்படிப்பட்ட தண்டனை என்று இதைச் சொல்கிறவர்களுக்குத் தெரியாது. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள், தலைமாட்டில் பாட்டிலும் சொம்புத் தண்ணீரும், நாலரைக்குப் பாத்ரூம் போக எழும்போது போட்டுக்கொண்டு திரும்பப் படுத்துவிடுவது. அதுவும் முடியாதவர்களுக்கு ராத்திரி இருக்கிறது. சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போட்டாலும் நன்றாகவே வேலை செய்கிறது என்று நெதர்லாந்தில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. எட்டரைக்குச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குக் கொஞ்சம் பழம், கொஞ்சம் பால் என்று போகிற வீடுகளுக்கு மட்டும் அது சரிப்படாது.

ஏழாவது வாரம் டி.எஸ்.எச். 14. காபியும் ஐந்து நாள் விடுமுறையும் போக, இது நல்ல இறக்கம்தான். 75-ஆக ஏற்றினார்கள். அதே சமயம் ஹீமோகுளோபின் 9.2 இருந்ததால் இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்தது. எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் டி.எஸ்.எச். 17!

மருந்து கூடி, வியாதியும் கூடுகிறது என்றால் எப்படி? அத்தான் மாத்திரையே போலியாக இருக்குமோ என்றார். நான் அக்காவை உட்காரவைத்து, எழுந்ததிலிருந்து படுக்கிறவரை எதை எப்போது வாயில் போடுகிறாள் என்று ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். முதல் வரியிலேயே விடை இருந்தது: 4.30 மணி, தைராய்டு மாத்திரை, இரும்பு மாத்திரை. இரும்பையும் வெறும் வயிற்றில் போட்டால் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள், அதுவும் சரிதான், தப்பான யோசனை இல்லை. ஒரு காலி வயிற்றுக்கு இரண்டு பேர் போட்டி. இரும்பு குடலுக்குள் தைராக்சினைப் பிடித்துக் கட்டிக்கொண்டு அப்படியே வெளியே கூட்டிப்போய்விடும், கால்சியமும் அதையே செய்யும். இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரமாவது வேண்டும். தைராய்டு குறைந்த பெண்களுக்கு உதிரப்போக்கு அதிகமாகி ரத்தசோகை வருவது சகஜம், ஆகவே இந்த இரண்டு மாத்திரையும் ஒரே கையில் வந்து சேர்வதும் சகஜம், இதை யாராவது ஒருவர் உட்கார்ந்து நேரம் பிரித்துக் கொடுக்க வேண்டும். கூட்டம் நெரிகிற ஓ.பி.யில் அதற்கு நேரம் கிடைக்காது, ஆகவே கூடப் போகிறவர்தான் செய்ய வேண்டும். இரும்பு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் போனது. டோஸ் ஒரு மைக்ரோகிராம்கூட மாறவில்லை, அடுத்த முறை 4.6. நெஞ்செரிச்சலுக்குத் தினமும் காலையில் போடுகிற மாத்திரைகளும் வயிற்று அமிலத்தைக் குறைத்து இதே மாதிரி கெடுக்கும், அதையும் அந்தத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கிழங்கு விஷயத்தை இங்கே சொல்லாமல் விட்டால் சேலத்துக்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. மரவள்ளிக்கிழங்கும் ஜவ்வரிசியும் இந்த மாவட்டத்தின் சோறு, ஆலைக்காரர்கள் சேர்ந்து 1981-இல் சேகோசர்வ் என்று சங்கமே வைத்த ஊர் இது. அக்காவுக்கு மாத்திரை ஆரம்பித்ததும் வந்த முதல் அறிவுரை, கிழங்கைத் தொடாதே, முட்டைக்கோஸைத் தொடாதே. இதில் ஓர் உண்மை இருக்கிறது. மரவள்ளியில் லினமரின் என்ற பொருள் உண்டு, அதிலிருந்து வருகிற சயனைடை உடம்பு தயோசயனேட்டாக மாற்றும், அது சுரப்பி அயோடினை இழுப்பதைத் தடுக்கும். காங்கோவில் அயோடின் இல்லாத மண்ணில், கிழங்கைச் சரியாக ஊறவைக்காமல் அதையே மூன்று வேளையும் தின்ற ஊர்களில் கழுத்துக்கழலை பரவியது இதனால்தான். ஆனால் நாம் கிழங்கை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிடுகிறோம், ஜவ்வரிசி என்பது அரைத்துக் கழுவிப் படியவைத்த மாவு, உப்பிலும் அயோடின் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, மாத்திரை போடுகிறவருக்கு ஹார்மோன் பாட்டிலிலிருந்து வருகிறது, சுரப்பி அயோடினை இழுத்தாலென்ன இழுக்காவிட்டாலென்ன. அக்கா சாயங்காலம் கிழங்கு தின்கிறாள். மாத்திரையை விழுங்கிய சூட்டோடு தின்பதில்லை, அவ்வளவுதான். அயோடின் உப்பைக் கூட்டிப் போட்டாலும் ஹஷிமோட்டோ குணமாகாது, உப்பை மாற்றி இந்துப்புக்குப் போனாலும் குணமாகாது. பின்னது வீட்டில் இருக்கிற குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அயோடின் கிடைக்காமல் செய்வதுதான் மிச்சம்.

பாட்டிலைப் பற்றிக் கொஞ்சம். 75 என்று எழுதிக் கொடுத்ததை ஒரு மருந்துக்கடையில் 50-உம் 25-உமாக இரண்டு பாட்டிலாகக் கொடுத்தார்கள், 25 தீர்ந்ததும் "இன்னொண்ணு இருக்குல்ல" என்று பத்து நாள் 50-ஐ மட்டும் போட்டுக்கொண்டிருந்தாள். 12.5 என்றும் 125 என்றும் இரண்டு அளவுமே கடையில் உண்டு, புள்ளி கண்ணுக்குத் தெரியாவிட்டால் பத்து மடங்கு வித்தியாசம், ஆகவே வாங்கியதும் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. தைரோநார்ம், எல்ட்ராக்சின் என்று எந்தப் பெயரில் ஆரம்பித்தீர்களோ அதிலேயே இருப்பது உத்தமம். மாற்ற வேண்டிவந்தால் ஆறு வாரம் கழித்து ஒரு டெஸ்ட். இந்த மருந்துக்கு வெயிலும் ஈரமும் ஆகாது. சேலத்துச் சித்திரையில் அடுப்படி அலமாரியிலும், ஏற்காட்டு ஐப்பசி மழையில் ஜன்னல் திண்டிலும் வைக்கக் கூடாது. அக்கா அதை அரிசி டின் மேல் வைத்திருந்தாள், இப்போது துணி அலமாரியில் இருக்கிறது.

4.6 வந்த பிறகு 88-ஆக ஏற்றி, அதற்கடுத்து 2.8 வந்தது. ஆரம்பித்து ஏழு மாதம். எண் சரியான அன்றே ஆளும் சரியாகிவிடவில்லை, காலையில் எழும்போது இருந்த அசதி அதற்கப்புறமும் ஒரு மாதம் இழுத்தது. டி.எஸ்.எச். நன்றாக இறங்கியும் நூற்றில் ஐந்து பத்துப் பேருக்குச் சோர்வோ மந்தமோ மிச்சம் இருக்கும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். அதற்கு மாத்திரையை மட்டும் ஏற்றிக்கொண்டே போகாமல் இரும்பு, பி12, வைட்டமின் டி, தூக்கம், மனச்சோர்வு என்று சுற்றிப் பார்க்க வேண்டும், பி12 குறைவும் ஹஷிமோட்டோவும் உறவுக்காரர்கள். அக்காவுக்கு இரும்புதான் பாக்கி இருந்தது. இனிமேல் ஆறு மாதத்தில் ஒரு டெஸ்ட், பிறகு வருஷத்துக்கு ஒன்று போதும். டெஸ்ட் அன்று காலை ரத்தம் கொடுத்த பிறகுதான் மாத்திரை, இல்லாவிட்டால் டி-4 கொஞ்ச நேரத்துக்குத் தூக்கலாகத் தெரியும். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற வார்ஃபரின் இவற்றின் அளவும் தைராய்டு சரியாகச் சரியாக மாறக்கூடும், அவை போடுகிறவர்கள் டாக்டரிடம் ஞாபகப்படுத்த வேண்டும்.

இந்த வியாதி குடும்பத்தில் ஓடும் என்பதால் அக்கா மகளுக்கும் பார்த்தோம். அவளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். டி.எஸ்.எச். 3.1, ஆன்டி டி.பி.ஓ. அதிகம். இப்போது மாத்திரை வேண்டாம், வருஷா வருஷம் பார்த்தால் போதும், குழந்தை உண்டானால் மட்டும் நாள் தள்ளிப்போன அன்றே வந்து ரத்தம் கொடு என்றார்கள், முதல் மூன்று மாதம் குழந்தைக்குத் தனிச் சுரப்பி வேலை செய்யாது, அம்மா கொடுப்பதுதான். ஏற்கெனவே மாத்திரையில் இருக்கிற பெண் என்றால் உண்டானது தெரிந்ததும் வாரத்துக்கு ஏழு மாத்திரை என்பதை ஒன்பதாக்கச் சொல்வார்கள், அப்புறம் பாதிக் கர்ப்பம் வரை நாலு வாரத்துக்கு ஒருமுறை டெஸ்ட். அந்த ரிப்போர்ட்டை அக்கா தன் ரிப்போர்ட்டுகளோடு ஒரே ஃபைலில் வைத்துக்கொண்டு ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். கொலுசை மாமாவிடமிருந்து திரும்ப வாங்கியாகிவிட்டது, சேர்த்த இரண்டு கண்ணியையும் எடுத்துவிடச் சொல்லி மறுபடி அவரிடமே கொடுத்திருக்கிறாள்.